குணமாகா நோயும் குடும்பப் பராமரிப்பும்

கூட்டுறவுச் சங்கங்களின் கடன் பதிவேடுகளைத் தணிக்கை செய்யும்பொழுது, கடனுக்கு எழுதப்பட்ட காரணம் ஒன்றாகவும் பணம் உண்மையிற் சென்ற வழி வேறாகவும் இருத்தலைப் பல முறை காண்கின்றோம். கறவை மாடு வாங்க என்று எழுதியிருக்கும். கொட்டிலில் மாடு இராது. தறிக்கு உபகரணம் வாங்க என்றிருக்கும். தறி பழையபடியே நிற்கும். விசாரித்தால், வீட்டில் ஒருவர் படுக்கையில் இருந்தார், பணம் ஆஸ்பத்திரிக்கும் வண்டி வாடகைக்கும் போயிற்று என்பார்கள். அவ்வாறு கடனைத் திசை திருப்புதல் விதிக்குப் புறம்பானது என எடுத்துரைத்தல் நம் உத்தியோகக் கடமை. அதைச் செய்தும் வருகின்றோம். ஆனால் இங்கே நாம் கூற விரும்புவது வேறு. அவ்வீடுகள் பலவற்றில், "இனி இந்நோயைக் குணமாக்க இயலாது" என்று டாக்டர்கள் கூறிவிட்ட பிறகுதான் பெரும்பணம் செலவாகியிருக்கின்றது. அவ்வளவு செலவாகியும், நோயாளி வலியின்றிக் கண்மூடினார் என்று சொல்லத்தக்க வீடுகள் சிலவே. பணமும் போய், நோயாளிக்கு நிம்மதியும் கிட்டாமற் போவது ஏன் என்பதை ஆராய்தல் தகும்.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய், காலங்கடந்து கண்டறியப்பட்டது. புதுவைக்குச் சென்று பார்த்தாகிவிட்டது. நோய் முற்றிப் பரவிவிட்டதென்று சொல்லிவிட்டார்கள். இந்நிலையில் குடும்பம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றிற் செல்கின்றது. யாரோ சொன்னார் என்று மற்றோர் ஊர், மற்றோர் ஆஸ்பத்திரி, பிறகு நாட்டு மருந்து, பிறகு மீண்டும் ஓர் ஆஸ்பத்திரி என்று அலைவது ஒரு வழி. மனைவியின் தோடு முதலிற் போகும், பின்னர் மகனின் வண்டி, பின்னர் வீட்டுமனைப் பத்திரம். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று உள்ளறையிற் கிடத்திவிட்டுக் காலத்தை எதிர்பார்த்திருப்பது இரண்டாவது வழி. இவ்விரண்டும் அன்பின்மையால் நிகழ்வன அல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை எவரும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லாமையே காரணம்.

நோயைக் குணமாக்க இயலாத நிலையிலும் வலியைக் குறைக்கலாம்; மூச்சுத் திணறலைத் தணிக்கலாம்; புண்ணைச் சுத்தமாக வைக்கலாம்; உறக்கம் தரலாம்; மனக்கலக்கத்தைக் கேட்டு ஆற்றலாம்; பார்த்துக்கொள்வோர் தளர்ந்துவிடாமல் தாங்கலாம். இவற்றையெல்லாம் முறையாகக் கற்று, திட்டமிட்டுச் செய்யும் வைத்தியப் பிரிவுக்கு 'நோய் ஆதரவு சிகிச்சை' என்று பெயர். புற்றுநோய்க்கு மட்டுமன்றி, முற்றிய சிறுநீரக நோய், இதய நோய், பக்கவாதம், தள்ளாமை ஆகியவற்றுக்கும் இது உரியது. குணமாக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கையிலேயே இதையும் தொடங்கலாம். வாழ்நாளின் கடைசி மாதங்களிலும் வாரங்களிலும் அளிக்கப்பெறும் பகுதியையே 'ஹாஸ்பிஸ்' பராமரிப்பு என்கின்றனர். ஹாஸ்பிஸ் என்றால் ஒரு கட்டடம் என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். கட்டடமும் உண்டு, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது அவரவர் வீட்டிலேயே நடைபெறத்தக்க பராமரிப்பு.

இதன் வரலாற்றில் நம் உறுப்பினர்களின் மனத்திற் பதியத்தக்க செய்தி ஒன்று உண்டு. இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் முதலில் நர்ஸாகவும், பின்னர் ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளிகளின் குடும்ப நலம் கவனிக்கும் ஊழியராகவும் பணிபுரிந்தார். அப்பொழுது போலந்து நாட்டிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்பவர், உறவினர் எவருமின்றிப் புற்றுநோயால் அங்கே இறந்துகொண்டிருந்தார். இறப்போர்க்கென ஓர் இல்லம் அமைய வேண்டுமென்று இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். 1948-ல் அவர் இறந்தபோது தம்மிடமிருந்த 500 பவுனை, அவ்வில்லத்தில் ஒரு சன்னலாகத் தாம் இருக்க விரும்புவதாகக் கூறி, அம்மையாருக்கு விட்டுச் சென்றார். அதன்பின் அம்மையார் டாக்டர் படிப்பும் படித்துத் தேறி, 1967-ல் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். முதற்பங்கு செலுத்தப்பட்டதற்கும் சங்கம் திறக்கப்பட்டதற்கும் இடையே 19 ஆண்டுகள். அவ்வம்மையார் 2005-ல் காலமானதும் அதே இல்லத்தில்தான். உடல் வலியோடு மனவலி, குடும்பக் கவலை, பணக் கவலை, 'எனக்கேன் இது' என்னும் ஆன்மக் கலக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் உலகுக்கு உணர்த்திய பாடம். கடன் தவணையை எண்ணி உறங்காதிருக்கும் நோயாளிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தாற் போதாது என்று இதற்குப் பொருள்.

நம் நாட்டில் இத்தகைய முதல் இல்லம் பம்பாயில் 1986-ல் சாந்தி அவேத்னா என்ற பெயரில் தோன்றியது. சென்னையில் மணலியை அடுத்த மாத்தூரில் இயங்கும் ஜீவோதயா 1990-ல் தொடங்கப்பெற்றது. புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்வது. எனினும் நமக்கு மிகவும் பயன்படத்தக்க முன்மாதிரி கேரளத்தில் உள்ளது. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் 1993-ல் ஒரு சிறிய வலித்தணிப்பு நிலையத்தைத் தொடங்கினர். நோயாளிகள் வந்து சேர இயலாமல் வீட்டிலேயே துன்புறுவதைக் கண்டு, சில ஆண்டுகளில் வேலையை ஊர்களுக்கே கொண்டு சென்றனர். மலப்புறம் மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் ஊர்தோறும் தொண்டர் குழுக்கள் எழுந்தன. அவற்றிற் சேர்ந்தோர் டாக்டர்கள் அல்லர். கடைக்காரர், ஆசிரியர், சுமை தூக்குவோர், இல்லத்தரசியர். வாரத்தில் சில மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டு, பயிற்சி பெற்று, தம் தெருவிலுள்ள நோயாளியின் வீட்டிற்குச் சென்று வந்தனர். கடைகளில் வைத்த உண்டியல்களில் விழும் சில்லறைக் காசுகளே அக்குழுக்களின் மூலதனத்தில் பெரும்பகுதி. டாக்டரும் நர்ஸும் அக்குழுவின் பணியாளர், நிர்வாகம் ஊராருடையது. 2008-ல் கேரள அரசாங்கம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, ஊராட்சிகளின் பொறுப்பில் வீடு தேடிச் செல்லும் நர்ஸுகளை ஏற்படுத்தியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து தருவதோடு, படுக்கையில் இருப்போர்க்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்க வகை செய்யப்பட்டது. வட்டாரந்தோறும் இதற்கென நர்ஸ் அமர்த்தப்பட்டார். வீடு வீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரை நம் உறுப்பினர்கள் அறிவார்கள். சர்க்கரை மாத்திரை கொடுப்பவர் என்று மட்டுமே பலர் எண்ணியிருக்கின்றனர். வீட்டில் குணமாகா நோயாளி ஒருவர் இருந்தால், முதலில் சொல்ல வேண்டியது அவரிடம்தான். அவர் வழியாகவோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகவோ வட்டார நர்ஸை அடையலாம். மருந்து மாற்றம் வேண்டுமாயின் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுவையிலோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ கேட்டறியலாம். நோயாளியையே ஒவ்வொரு முறையும் ஏற்றிச் செல்ல வேண்டுவதில்லை. சீட்டையும் நோயாளியின் நிலையைக் குறித்த தாளையும் கொண்டு உறவினர் ஒருவர் சென்றால் பல வேளைகளிற் போதுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்க.

இனி வலியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். புற்றுநோய் வலி பொறுத்தே தீர வேண்டிய விதி என்று நம் ஊர்களில் எண்ணுகின்றனர். அது தவறு. 1986-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வலித்தணிப்புக்கு எளிய படிமுறை ஒன்றை வெளியிட்டது. சாதாரண மாத்திரையில் தொடங்கி, போதாதெனின் வலுவான மருந்துக்குச் செல்லுதல், வாய்வழியாகவே கொடுத்தல், வலி வந்தபின் அன்று, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தல் என்பன அதன் சாரம். பெரும்பாலான நோயாளிகளின் வலி இம்முறையிலேயே அடங்குகின்றது. அவ்வலுவான மருந்துகளில் முதன்மையானது மார்ஃபின்.

மார்ஃபின் என்றவுடன் குடும்பத்தார் அஞ்சுகின்றனர். அபினியிலிருந்து எடுப்பதாயிற்றே, போதைப் பழக்கம் வந்துவிடாதா என்கின்றனர். டாக்டர் வரையறுத்த அளவில் வலிக்காகக் கொடுக்கப்படும்போது அத்தகைய வெறிப்பழக்கம் உண்டாவது மிக அரிது. உயிரைக் குறைத்துவிடும் என்பது மற்றோர் அச்சம். முறையாகச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றிச் செல்லுங்கால் அதுவும் நேர்வதில்லை. வலி தணிந்தவர் உண்கின்றார், உறங்குகின்றார், பேசுகின்றார். முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கக்கூடும், பின்னர் குறைந்துவிடும். ஆனால் மலச்சிக்கல் தானாகக் குறையாது. ஆகவே மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கி மருந்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். இதைக் கேளாமல் விட்டு, வயிற்று வலியால் நோயாளி துடிக்க, மார்ஃபினையே நிறுத்திவிட்ட குடும்பங்களும் உண்டு. அளவை நாமே கூட்டுதல், திடீரென நிறுத்துதல் இரண்டும் கூடா.

மற்றொரு விந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். சட்டப்படி அபினி பயிரிட்டு மருந்துக்கு வழங்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அது விளைகின்றது. ஆயினும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால், பற்பல உரிமங்களுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே கைவிட்டன. விளைத்தவன் வீட்டில் உணவில்லாத கதைதான். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் ஒரே அனுமதியுடன் இம்மருந்தை வைத்திருக்க வழி பிறந்தது. எனவே, ஒரு மருந்துக் கடையில் இல்லையென்றால் நாட்டிலேயே இல்லையென்று கருதிவிடாமல், அங்கீகாரம் பெற்ற நிலையம் எது என்று நர்ஸிடம் கேட்டறிதல் வேண்டும்.

நம் கடற்கரைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மருந்து கைவசம் தீரும்வரை காத்திருத்தல் ஆகாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்தின் பல சாலைகள் வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டன. நான்கு மணிக்கு ஒருமுறை மாத்திரை வேண்டிய நோயாளிக்கு இரண்டு நாள் தடை என்பது எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மழைக்காலத்திற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, சில நாட்களுக்கு மிகுதியான மருந்தைப் பெற்று, நீர் புகாத டப்பாவில் உயரத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

படுக்கையருகே செய்யும் பணிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டா. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். தானே புரள இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். அங்கே தோல் சிவந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி. விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருத்தலாகாது. நீர்மெத்தை கிடைத்தால் நன்று; ஆனால் நீர்மெத்தை இருக்கின்றதே என்று புரட்டாமல் விட்டுவிடுதல் கூடாது. வாய்ப் புற்றுநோய்ப் புண்ணில் எழும் துர்நாற்றம் நோயாளியை வலியினும் மிகுதியாக வருத்துவது. பேரக் குழந்தைகள் அருகில் வராமைக்குக் காரணம் தாமே என்று அவர் குன்றிப்போகின்றார். இதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் எளிய முறையொன்று நர்ஸுகளுக்குத் தெரியும். அவர்களிடம் கற்றுச் செய்யின் நாற்றம் பெரிதும் குறையும். மூச்சுத் திணறுங்கால் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்து, சன்னலைத் திறந்து, முகத்தின் மேல் காற்றுப் படும்படி விசிறுதல் உண்மையிலேயே பலன் தருவது. மின்சாரம் இல்லையெனின் பனை விசிறி போதும். சுற்றி நிற்கும் கூட்டத்தை மட்டும் விலக்குதல் வேண்டும்.

உணவைப் பற்றியே குடும்பங்களில் மிகுந்த பூசல் எழுகின்றது. "சாப்பிடாமல் எப்படி உயிர் தரிக்கும்" என்று வாயில் ஊட்டித் திணிப்பதும், நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வதும், ஊட்டியவர் அழுவதும் நாம் காணும் காட்சிகள். உடல் அடங்கிவரும் நாட்களில் பசி குறைவது நோயின் இயல்பு. உண்ணாமையால் அவர் இறப்பதில்லை, இறந்துகொண்டிருப்பதால் உண்ணாதிருக்கின்றார். விரும்பியதை விரும்பிய நேரத்தில் இரண்டு வாய் கொடுத்தாற் போதும். விழுங்கும் ஆற்றல் குறைந்தவர்க்குக் கட்டாயப்படுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக் குழலிற் சென்று கேடு செய்யும். கடைசி நாட்களில் நரம்பின்வழி ஏற்றும் நீரும் பெரும்பாலும் பயனில்லை. கைகால் வீக்கத்தையும் மார்புச் சளியையும் அது மிகுவிக்கக்கூடும். உதட்டையும் நாவையும் ஈரத்துணியால் அடிக்கடி நனைத்து வருதலே அப்பொழுது செய்யத்தக்க பேருதவி.

நோயின் உண்மையை நோயாளிக்குச் சொல்லலாமா என்ற வினாவுக்கு, நம் குடும்பங்களில் ஏறக்குறைய எப்பொழுதும் "சொல்லக்கூடாது" என்பதே விடை. மகன் டாக்டரைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அவர் தாங்கமாட்டார்" என்கின்றார். சிறிது நேரம் கழித்துத் தகப்பனாரும் அதே டாக்டரிடம், "பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், அவர்கள் தாங்கமாட்டார்கள்" என்பதுண்டு. இருவரும் அறிந்த ஒன்றை இருவரும் மறைத்து, பேச வேண்டியவற்றைப் பேசாமலே காலம் கழிகின்றது. இந்த வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் முகத்தில் அறைந்தாற்போல் நாட்களை எண்ணிச் சொல்வதும் முறையன்று. "உங்களுக்கு உடம்பு எப்படி இருப்பதாகத் தோன்றுகின்றது, அப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருத்தல் நல்ல தொடக்கம். அவர் கேட்குமளவுக்குச் சொல்லலாம். கேளாததைத் திணிக்க வேண்டுவதில்லை. கேட்டதற்குப் பொய் கூறுதலும் வேண்டா. கேட்க விரும்பாதவர்களும் உளர். அதுவும் அவர் உரிமையே.

பேச்சு தொடங்கிய பின்னர், அவர் தெளிவோடு இருக்கும்போதே முடிக்கத்தக்க காரியங்கள் சில உள. இவை நம் துறையைச் சார்ந்தவை ஆதலின் அழுத்திக் கூறுகின்றோம். சங்கத்தில் வாரிசு நியமனப் படிவம் உள்ளதா, உள்ளதெனின் நியமிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கின்றாரா என்று பாருங்கள். தாயை நியமித்துவிட்டு, அவர் காலமாகி ஆண்டுகள் பல சென்றும் மாற்றாத படிவங்களை நாம் எத்தனையோ கண்டிருக்கின்றோம். நெசவாளர்க்குச் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டக் கணக்கிலும், எல்லோருக்கும் வங்கிக் கணக்கிலும் இதே சோதனை வேண்டும். வங்கி வைப்பில் நியமனம் பெற்றவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுடையவரே அன்றி, அதனால் மட்டும் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. நிலத்தையோ வீட்டையோ குறித்து விருப்பம் இருப்பின் உயில் எழுதலாம். வெள்ளைத் தாளிலே எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையிற் கையொப்பமிட்டால் உயில் செல்லும், பதிவு கட்டாயமன்று. பதிவு செய்ய விரும்பி, அவர் எழுந்து செல்ல இயலாத நிலையில் இருந்தால், தக்க காரணம் காட்டிச் சார்பதிவாளரை வீட்டிற்கே வரவழைக்கச் சட்டத்தில் இடமுண்டு. வெளியே கொடுத்தது, வாங்கியது, சீட்டுப் பணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தல் உயிலினும் அவசரமானது என்பது நம் அனுபவம்.

இனி, பார்த்துக்கொள்பவரைப் பற்றி. அவர் பெரும்பாலும் ஒரு பெண்; மனைவி, மகள் அல்லது மருமகள். உப்பளக் குடும்பத்தில் அவரும் பாத்திக்குச் சென்று கூலி பெறுபவர். தை மாசியில் தொடங்கும் உப்பு வேலை வடகிழக்குப் பருவமழை வரைதான். அம்மாதங்களிற் சம்பாதித்ததே மழைக்கால உணவு. 2022 முதல் அரசாங்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ. 5,000 வழங்கத் தொடங்கியது உதவிதான் என்றாலும், இழந்த பருவத்துக் கூலிக்கு அது ஈடாகாது. நெசவாளர் வீட்டில் தறி வீட்டிலேயே இருப்பதால், நோயாளியின் முனகல் கேட்கும் தொலைவில் நெய்யலாம் என்ற வசதி உண்டு. ஆனால் பாவு பிடித்திருக்கையில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து செல்பவர் எத்தனை முழம் நெய்ய இயலும்? சவுக்குத் தோப்போ மணிலாப் பயிரோ உடையவர்க்கும் பருவம் காத்திராது. இவ்வளவுக்கும் இடையே அந்தப் பெண் இரவில் உறங்குவதில்லை. உறவினர் வந்து நலம் விசாரிக்கும்போதும், "அவர் எப்படி இருக்கின்றார்?" என்றுதான் கேட்பார்கள், "நீ எப்படியம்மா இருக்கின்றாய்?" என்று கேட்பவர் அரியர். சில மாதங்களில் அவரே நோயாளியாகின்றார்.

இந்த ஒரு தலையின் சுமையை எத்தனை தலைகள் பங்கிட்டுக்கொள்ளும் என்பதே பராமரிப்பின் மையமான வினா என்பது நம் கருத்து. இதில் அண்ணன் தம்பியர் பணம் அனுப்பிவிட்டுத் தம் கடமை தீர்ந்ததாகக் கருதுவதை நாம் ஒப்பவில்லை. வாரத்தில் ஓர் இரவு விழித்திருந்து பார்த்தால்தான் அப்பெண்ணின் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும். உறவினரும் அயலாரும் கூடி, ஒரு தாளில் நாட்களையும் வேளைகளையும் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் நலம். விடியற்காலையில் மனைவி பாத்திக்குச் சென்று வெயில் ஏறித் திரும்பும்வரை ஒருவர் உடனிருத்தல். ரேஷன் வாங்கி வருதல். திண்டிவனமோ புதுவையோ செல்பவர் மருந்துச் சீட்டைக் கொண்டு செல்லுதல். பிள்ளைகளுக்கு மாலையிற் பாடம் சொல்லுதல். இவற்றுள் எதற்கும் வைத்தியப் படிப்பு வேண்டா. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கூறிச் செல்பவரிடம் எந்தக் குடும்பமும் வாய் திறந்து கேட்பதில்லை. "செவ்வாய் காலை நான் உட்கார்ந்துகொள்கின்றேன்" என்று சொல்பவரே உதவுகின்றார். கேரளத்துத் தொண்டர் குழுக்கள் இப்பணிகளைத்தான் செய்தன. பத்துப் பேர் வாரம் இரண்டு மணி நேரம் தந்தால் இருபது மணி நேரம். ஒரு வீட்டுக்கு அது பெருஞ்செல்வம். மகளிர் சுய உதவிக் குழுக்களும் சங்கங்களும் உள்ள ஊர்களில் இதற்குத் தனி அமைப்பு ஏதும் புதிதாக வேண்டுவதில்லை. நர்ஸை ஒருநாள் அழைத்துப் புரட்டுதல், புண் துடைத்தல், வாய் கழுவுதல் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுதலே தொடக்கம்.

கடைசி நாட்களின் அறிகுறிகளைக் குடும்பம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். நாளின் பெரும்பகுதி உறக்கம், உணவில் முற்றும் விருப்பமின்மை, கைகால் குளிர்தல், மூச்சு விட்டுவிட்டு வருதல், தொண்டையில் சளியின் கரகரப்பு. அக்கரகரப்பு பார்ப்பவரை நடுங்கச் செய்யுமேயன்றி, நினைவிழந்த நோயாளியைப் பெரும்பாலும் வருத்துவதில்லை; ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் குறையும். இவற்றை அறியாத குடும்பம் நள்ளிரவில் பதறி வாடகை வண்டி பிடிக்க, வழியிலேயே உயிர் பிரிகின்றது. வீட்டிலேயே இருக்க வேண்டுமென்பது நோயாளியின் விருப்பமாயின், அவ்வேளையில் யாரைத் தொலைபேசியில் அழைப்பது, எம்மருந்தைக் கொடுப்பது என்று நர்ஸிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பால் வார்க்கும் வழக்கத்தை நாம் குறைகூறவில்லை. நினைவில்லாதவர் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினால் மூச்சடைக்கும். ஒரு துளியை உதட்டில் தடவினாலும் அந்தக் கடன் நிறைவேறியதாகவே கொள்ளலாம். காது கேட்கும் ஆற்றல் கடைசிவரை இருக்கக்கூடும் என்று டாக்டர்கள் கருதுகின்றனர். ஆகவே சொத்துப் பேச்சும் ஈமச் செலவுப் பேச்சும் அவ்வறையில் வேண்டா.

இவ்வாறு வீட்டில் வைத்துக்கொள்ளுதல், உயிரைப் போக்க உடன்படுவதாகாதா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். விருதுநகர் மாவட்டப் பகுதிகளில், முதியோர்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டி இளநீர் புகட்டி உயிர் போக்கும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் இருந்ததைப் பற்றி 2010-ல் செய்தித்தாள்கள் எழுதின. அது கொலை. நோய் ஆதரவு சிகிச்சை சாவை விரைவுபடுத்துவதுமில்லை, பொறிகளைக் கொண்டு இழுத்தடிப்பதுமில்லை. குணமாகும் வாய்ப்பில்லாதபோது செயற்கைச் சுவாசப் பொறி வேண்டாமென்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜட் பதிவுபெற்ற அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டால் போதுமென 2023 ஜனவரியில் அம்முறை எளிதாக்கப்பட்டது.

காலமான பின்னர் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். கிராமமாயின் கிராம நிர்வாக அலுவலரிடமும், மரக்காணம் பேரூராட்சிக்குள் ஆயின் பேரூராட்சி அலுவலகத்திலும். சான்றின் படிகள் பலவற்றைப் பெற்று வைத்துக்கொண்டால் சங்கம், வங்கி, ரேஷன் கார்டு என ஒவ்வொன்றுக்கும் அலைய நேராது. தவணை நிலுவை இருப்பின், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் குடும்பத்தார் சங்கச் செயலாளரை நேரிற் கண்டு நிலைமையைச் சொல்லுதல் நன்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகே, பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாட்கள் மிகவும் வெறுமையாகத் தோன்றும். இரவில் மாத்திரை வேளைக்குப் பழக்கத்தால் விழித்துக்கொள்வார்கள். அப்பொழுதுதான் அயலார் சென்று உட்கார்ந்து பேசியிருத்தல் வேண்டும்.

மீந்துபோன மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைத்திருத்தலோ பிறருக்குக் கொடுத்தலோ ஆகாது. எண்ணி எடுத்து, கொடுத்த நிலையத்திலேயே திருப்பிச் சேர்ப்பித்தல் வேண்டும். இரவலாக வந்த நீர்மெத்தையைக் கழுவி நிழலில் உலர்த்தி நர்ஸிடம் ஒப்படைத்தால், அது அடுத்த வீட்டுக்குச் செல்லும்.